ஏழும் ஆறும் எத்தனை? விடை தாமதமானால் எங்கே பார்ப்பது

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுக்கிறவர்களிடம் கணக்கில் என்ன சிக்கல் என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "கூட்டல் தெரியுது, ஆனா வேகம் இல்லை." காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்வது மாதிரிதான் இது. எதனால் என்று பார்க்காமல் மருந்து கொடுத்தால் கேட்காது. ஆனாலும் நாம் கொடுக்கிற மருந்து எப்போதும் ஒன்றுதான், இன்னும் ஐம்பது கணக்கு.

7 + 6 என்று கரும்பலகையில் எழுதுங்கள். ஒருவன் ஏழு விரலை நீட்டிவிட்டு, ஆறுக்கு விரல் போதாமல் முழிப்பான். இன்னொருத்தி ஏழிலிருந்து ஆறு எண் ஏறிப்போய்ப் பதின்மூன்றில் நிற்பாள். மூன்றாமவன் "ஆறும் ஆறும் பன்னெண்டு, இன்னும் ஒன்னு" என்பான். நான்காவது பிள்ளை யோசிக்காமலே சொல்லும். தாளில் எழுதச் சொன்னால் நான்கு பேரும் 13 என்று எழுதி நான்கு பேரும் சரி வாங்கிவிடுவார்கள். அடுத்த வருடம் 47 + 36 வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். முதல் இரண்டு பேரும் 7 + 6-ஐ எண்ணி முடிப்பதற்குள் எதற்காக எண்ணினோம் என்பதையே மறந்திருப்பார்கள்.

எண்ணிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு ஐம்பது கணக்குக் கொடுத்தால் ஐம்பது முறை எண்ணிப் பழகும். எண்ணுவதில் கெட்டிக்காரப் பிள்ளையாகும், அவ்வளவுதான். எண்ணுவதை விட வேண்டுமென்றால் எண்ணாமல் போக ஒரு வழி கையில் இருக்க வேண்டும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருப்பதெல்லாம் அந்த வழியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான். 0 + 0 முதல் 9 + 9 வரையிலான ஓரிலக்கக் கூட்டல் மட்டும்தான் இங்கே பேச்சு.

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்த பிறகு பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். பிள்ளை எந்த நிலை என்பது அதில் தெரியும். 7 + 6-க்கு எந்த வழியில் போகிறது என்பது தெரியாது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

முதலில் இரண்டு நிமிடம்

மற்ற பிள்ளைகள் வேறு வேலையில் இருக்கும்போது ஒரு பிள்ளையை மட்டும் பக்கத்தில் கூப்பிடுங்கள். வாயால் கேளுங்கள்: 5 + 1, 4 + 4, 10 + 3, 6 + 4, 3 + 9, 8 + 5, 7 + 6. ஏழு போதும்.

விடையைவிட முகத்தையும் கையையும் பாருங்கள். உதடு அசைகிறதா? மோவாய் மெல்ல மெல்ல ஆடுகிறதா? கை மேசைக்கு அடியில் போகிறதா? கால் கட்டைவிரல்கூட எண்ணும். சில பிள்ளைகள் நாக்கால் பல்லைத் தொட்டு எண்ணுவார்கள், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு கேளுங்கள்: "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" இதைச் சரியான விடைக்கும் கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னால் மட்டும் கேட்கிற டீச்சரிடம் "எப்படி" என்ற சொல் வந்த உடனே பிள்ளை விடையை மாற்றிவிடும்.

பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எழுத்துப் போட்டால் போதும். எண்ணினால் 'எ'. தெரிந்த ஒன்றைப் பிடித்து வந்தால் 'வ'. மூன்று விநாடிக்குள் தானாக வந்தால் 'உ'. தவறென்றால் அந்தத் தவறான எண்ணையே எழுதுங்கள், பெருக்கல் குறி போடாதீர்கள். 8 + 5-க்கு 12 என்று சொன்னதும் 15 என்று சொன்னதும் வேறு வேறு நோய். விநாடியை மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள், போனைக் கையில் எடுக்க வேண்டாம்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறான்

8 + 3-க்கு எட்டுப் புளியங்கொட்டை எண்ணி வைக்கிறான். மூன்று எண்ணி வைக்கிறான். பிறகு இரண்டையும் சேர்த்து ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து. எண்ணி வைத்த எட்டு எட்டாகவே இருக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு இன்னும் வரவில்லை.

எட்டுக் கொட்டையை அவனையே எண்ணச் சொல்லி ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள். மூடி மேல் சாக்பீஸால் 8 என்று எழுதுங்கள். மூன்று கொட்டை வெளியே இருக்கட்டும். "உள்ள எத்தனை?" என்றால் "எட்டு" என்பான். "வெளியில இருக்கறதையும் சேத்தா?" என்றதும் டப்பாவைத் திறக்கப் போவான். திறக்கட்டும். எண்ணிப் பார்த்து எட்டுதான் என்று தெரிந்துகொள்ளட்டும். இப்படிச் சில முறை திறந்தபின் அவனுக்கே சலித்துவிடும். மூடியைத் தட்டி "எட்டு" என்று சொல்லிவிட்டு, வெளியே உள்ளதைத் தொட்டு "ஒம்பது, பத்து, பதினொன்னு" என்பான். அதுவரை இவனிடம் மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு) காட்டுவது வீண்.

எட்டுப் பொருளைக்கூட ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வராமல், ஒன்றை விட்டுவிட்டோ இரண்டு முறை தொட்டோ எண்ணுகிற பிள்ளைக்கு இந்த வழிமுறை இப்போது வேண்டாம். கூட்டலை ஓரமாக வைத்துவிட்டு எண்ணுவதையே பழக்குங்கள்.

அறிகுறி: விடை எப்போதும் ஒன்று குறைகிறது

8 + 3 = 10. 6 + 4 = 9. 7 + 5 = 11. நோட்டில் இது கவனக்குறைவு மாதிரித்தான் தெரியும். வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தப் பிள்ளை எவ்வளவு ஒழுங்காகத் தப்புப் பண்ணுகிறது என்று தெரியும். "எட்டு, ஒம்பது, பத்து" என்று மூன்று எண் சொல்லி நிறுத்தியிருக்கிறது. தொடங்கிய எட்டையே ஒன்றாக எண்ணிவிட்டது. இந்தப் பிள்ளையோடு பரமபதம் ஆடிப் பாருங்கள், காய் நிற்கிற கட்டத்தையே ஒன்று என்று எண்ணும்.

திருத்தமும் கட்டத்திலேயே இருக்கிறது. தரையில் 1 முதல் 20 வரை கட்டம் போட்டு பிள்ளையை 8-ல் நிற்க வையுங்கள். "நிக்கிற கட்டம் கணக்குல வராது. குதிச்சாத்தான் ஒன்னு." மூன்று முறை குதித்தால் 11. காலில் பழகியது கைக்கு வந்து, பிறகு தலைக்குப் போகும். இதற்கு நாள் கணக்கில் உழைக்க வேண்டியதில்லை, சீக்கிரமே சரியாகிற தவறு இது.

பகடைக்கு லூடோ பகடை எடுங்கள். தாயக்கட்டை நம்ம ஊர்ப் பொருள்தானே என்று ஆசையாக எடுத்து வருவார்கள். அதில் இரண்டு கட்டையிலும் வெறும் பக்கம் விழுந்தால் பன்னிரண்டு. பூஜ்யமும் பூஜ்யமும் பன்னிரண்டு என்று விளையாட்டில் பழகின பிள்ளையிடம் அப்புறம் 0 + 0 கேட்க முடியாது.

அறிகுறி: விரல் இல்லாமல் எதுவும் வரவில்லை

"விரல் விடாதே" என்று சொன்ன வகுப்பில் விரல் ஒளிந்துகொள்ளும், எண்ணுவது நிற்காது. அதனால் தடுக்க வேண்டாம். விரலை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள்.

நம் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. விரலை நீட்டி எண்ணுகிறவர்கள் ஒரு வகை. கட்டைவிரல் நுனியால் மற்ற விரல்களின் ரேகையைத் தொட்டுத் தொட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. ரேகை எண்ணுவது வீட்டிலிருந்து வருவது. பாட்டி நாமம் சொல்லும்போதும் அம்மா பால் கணக்குப் பார்க்கும்போதும் பார்த்துப் பழகியது. விரலுக்கு மூன்று வீதம் ஒரு கையிலேயே பன்னிரண்டு வரை போகலாம் என்பதால் நீளமாக எண்ண வசதியானது. கூட்டல் கற்க மட்டும் அது உதவாது. ரேகையில் ஏழு என்றால் மூன்று, மூன்று, ஒன்று. ஐந்தும் தெரியாது, பத்தும் தெரியாது.

இந்தப் பிள்ளைகளுக்கு விரலை எண்ணாமல் காட்டப் பழக்குங்கள். "ஏழு காட்டு" என்றால் ஒரு முழுக் கையும் இரண்டு விரலும் படக்கென்று ஒரே தடவையில் வர வேண்டும். ஒவ்வொரு விரலாக விரித்தால் மறுபடி கேளுங்கள். ஆறு, எட்டு, ஒன்பது எல்லாம் இப்படி வந்தபின், "ஏழு காட்டு. மடங்கியிருக்கிறது எத்தனை?" மூன்று. பத்துக்கு வேண்டிய எண்ணை அந்தக் கையே சொல்லிவிடுகிறது.

அடுத்து இரண்டு பிள்ளைகளைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒருவன் ஆறு காட்டட்டும், இன்னொருத்தி ஏழு. இரண்டு முழுக் கைகள் சேர்ந்து பத்து. மிச்சம் ஒரு விரலும் இரண்டு விரலும். பதின்மூன்று. இதைப் பார்த்ததும் சில பிள்ளைகள் சிரித்தே விடுவார்கள், இவ்வளவு நாள் எண்ணிக்கொண்டிருந்தோமே என்று. ஐந்துக்கு மேலுள்ள எந்த இரண்டு எண்ணுக்கும் இது ஓடும்.

அறிகுறி: 9 + 3 வருகிறது, 3 + 9-க்குத் திணறுகிறாள்

மூன்றிலிருந்து ஒன்பது எண் ஏறப் பார்க்கிறாள், வழியில் தொலைந்துபோகிறாள். மூன்று புள்ளியும் ஒன்பது புள்ளியும் உள்ள அட்டையை அவள் கையில் கொடுத்துத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். புள்ளி கூடியதா, குறைந்ததா? "பெரிசுல இருந்து ஆரம்பி" என்ற விதியை நீங்கள் சொல்வதற்கு முன் அவளே சொல்லிவிட்டால் நல்லது. சொல்லாவிட்டால் சொல்லிக் கொடுங்கள், அதில் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

திருப்பிப் போடுவது பழகினால் கிடைக்கிற லாபம் பெரியது. நூறு கூட்டல் இருக்கிறது என்று சொல்லித்தான் பிள்ளையையும் நம்மையும் பயமுறுத்திக்கொள்கிறோம். திருப்பினால் ஒன்றாகிறவற்றைக் கழித்தால் 55 ஜோடிதான். அதில் பூஜ்யம் சேர்ப்பது 10. ஒன்று சேர்ப்பது 9. இரண்டு சேர்ப்பது 8. இந்த 27-க்கும் பெரிதாகப் பயிற்சி வேண்டாம், எண் வரிசை தெரிந்த பிள்ளைக்கு வந்துவிடும். 3 + 3 முதல் 9 + 9 வரை இரட்டைகள் 7. இரட்டைக்குப் பக்கத்து வீடு, அதாவது 3 + 4, 6 + 7 மாதிரியானவை, 6. பத்தாகிற ஜோடிகளில் இதுவரை வராதவை 3 + 7, 4 + 6 என்று இரண்டே இரண்டு. ஒன்பதோடு சேர்பவை இன்னும் 5. எட்டோடு சேர்பவை இன்னும் 4. கடைசியில் எந்தக் கூட்டத்திலும் சேராமல் நிற்பவை 3 + 5, 3 + 6, 4 + 7, 5 + 7 ஆகிய நான்கு மட்டும்.

55 கட்டத்தையும் ஒரு சார்ட்டில் வரைந்து, தெரிந்ததை எல்லாம் வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். சார்ட்டில் பாதி வண்ணமாகிவிட்டதைப் பார்த்தபின் பிள்ளையின் முகம் மாறும். ஆசிரியருக்கும் இது தேவை. மிச்சம் எது என்று தெரிந்தால்தான் எதற்குப் பயிற்சி என்று தெரியும். ஐம்பது கணக்கில் முப்பது ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தால் அது பொழுதுபோக்கு.

அறிகுறி: பத்துக்குள் சட்டென்று வருகிறது, பத்தைத் தாண்டினால் எல்லாம் போய்விடுகிறது

வகுப்பில் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான்.

8 + 5-ஐ எண்ணாமல் செய்ய எட்டைப் பத்தாக்க வேண்டும். அதற்கு மூன்று விஷயம் கைவசம் வேண்டும். எட்டுக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்று தெரிய வேண்டும். ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரிக்க வேண்டும். பத்தும் மூன்றும் பதின்மூன்று என்று யோசிக்காமல் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வண்டி நிற்கும். ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள். "எட்டு பத்தாக எத்தனை?" "அஞ்சுல ரெண்டு போச்சு, மிச்சம்?" "பத்தும் மூணும்?" பெரும்பாலும் நடுக் கேள்வியில்தான் பிள்ளை நிற்கும். ஐந்து என்றால் நான்கும் ஒன்றும், மூன்றும் இரண்டும் என்று பிரித்துப் பார்த்தே இருக்காது. நாம் சேர்க்கத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், பிரிக்கச் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்படியானால் ஒரு வாரம் பிரிப்பதை மட்டும் விளையாடுங்கள். ஐந்து கல்லை இரண்டு கையில் பிரித்து மூடி, ஒரு கையைத் திறந்து காட்டி, மூடியிருக்கிற கையில் எத்தனை என்று கேட்கிற விளையாட்டே போதும். பிறகு ஆறு கல், ஏழு கல்.

மூன்றும் வருகிறது என்றால் சத்துணவுக் கூடத்துக்குப் போய் முட்டை அட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள். முப்பது முட்டை அட்டையில் ஐந்து குழி வீதம் ஆறு வரிசை இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழித் துண்டு மூன்று கிடைக்கும். சோடா மூடியோ கூழாங்கல்லோ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குழியில் எட்டு மூடி. வெளியே ஐந்து மூடி, அது வேறு நிறமாக இருந்தால் நல்லது.

"குழி எத்தனை காலியா இருக்கு?"

"ரெண்டு."

"நிரப்பு."

வெளியே இருந்து இரண்டை எடுத்து வைக்கிறாள்.

"அட்டையில இப்ப எத்தனை?"

"பத்து."

"வெளியில?"

"மூணு. பதிமூணு டீச்சர்!"

கேட்பதற்கு முன் விடை வந்துவிட்டது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. அட்டையும் மூடியும் இருக்கும்போது வருவது ஒரு கட்டம். அடுத்த கட்டத்தில் மூடிகளை வைத்துவிட்டு ஒரு துணியால் மூடிக் கேளுங்கள், குழியை மனத்தில் பார்த்துச் சொல்லட்டும். அதற்கடுத்து அட்டையே இல்லாமல், "எட்டு மூடி வெச்சிருக்கேன்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிக் கேளுங்கள். கடைசியில்தான் வெறும் 8 + 5. அட்டையில் நன்றாகச் செய்த பிள்ளை நோட்டில் மறுபடி விரலுக்குப் போகிறது என்றால், நடுவில் உள்ள இரண்டு கட்டத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறோம் என்று பொருள்.

ஒன்பதில் தொடங்குங்கள். ஒரே குழிதான் காலி என்பதால் 9 + 4, 9 + 6, 9 + 7 எல்லாம் "ஒன்னு கொடு" என்ற ஒரே வேலையில் முடியும். அது தானாக வந்தபின் எட்டு. ஏழுக்கு நான் பத்தாக்கலை வற்புறுத்துவதில்லை. 7 + 6-ஐ இரட்டையிலிருந்து வருகிற பிள்ளை அப்படியே வரட்டும். ஒரு கணக்குக்கு மூன்று வழி எழுதிக் காட்டு என்று கேட்பது சில புத்தகங்களுக்குப் பிடிக்கும். உடனே விடை சொல்கிற பிள்ளையைப் பிடித்து வழி எழுது என்றால் அதற்கு எரிச்சல்தான் வரும்.

இந்த இடத்தில் வரும் ஒரு தவறைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: 8 + 5 = 15. மனத்தில் எட்டைப் பத்தாக்கிவிட்டது, ஆனால் கொடுத்த இரண்டு ஐந்திலிருந்து போனது என்பதை மறந்துவிட்டு முழு ஐந்தையும் சேர்த்துவிட்டது. எண்ணுகிற பிள்ளைக்கு இந்தத் தவறு எளிதில் வராது. அதனால் 15 என்று பார்த்தால் ஒரு பக்கம் சந்தோஷப்படலாம், பிள்ளை வழியில் ஏறிவிட்டது. நோட்டில் 5-க்குக் கீழே இரண்டு கிளை வரைந்து 2, 3 என்று எழுதச் சொல்லுங்கள். அந்த 2-ஐ எட்டோடு சேர்த்து ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே நிற்பது மூன்று மட்டும்தான் என்று கண்ணில் தெரிந்துவிடும்.

அறிகுறி: வாய்ப்பாடு ஒப்பிக்கிறான், நடுவில் கேட்டால் முதலிலிருந்து வருகிறான்

"ஏழும் ஒன்னும் எட்டு, ஏழும் ரெண்டும் ஒம்பது, ஏழும் மூணும் பத்து..." ராகம் பிசகாமல் வருகிறது. "ஏழும் ஆறும்?" என்றால் உதடு மறுபடி ஏழும் ஒன்றில் தொடங்குகிறது. கூட்டல் வாய்ப்பாட்டில் ஒரு வசதி உண்டு. விடைப் பக்கம் எட்டு, ஒன்பது, பத்து என்று எண் வரிசையாகவே போகிறது. கூட்டவே வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும். பெருக்கல் வாய்ப்பாட்டில் இந்தக் குறுக்குவழி இல்லாததால் அங்கே ஒப்பித்தல் தருகிற பலன் இங்கே கிடைப்பதில்லை.

ஒப்பிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் எல்லோரும் சேர்ந்து சொல்வதில் ஒரு உற்சாகம் இருக்கிறது. அதைப் பார்த்து "தெரியும்" என்று குறித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி. அட்டைகளைக் கலைத்துக் கேளுங்கள். பின்பக்கமாகவும் கேளுங்கள்: "பதிமூணு வர்ற மாதிரி ரெண்டு நம்பர் சொல்லு." ஒப்பித்தல் மட்டும் இருக்கிற பிள்ளை இங்கே அப்படியே நிற்கும்.

அறிகுறி: வெள்ளிக்கிழமை வந்தது திங்கட்கிழமை வரவில்லை

இது மறதி நோய் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். ஒரே நாளில் புதிதாக நிறையக் கொடுத்திருப்போம், அல்லது கொடுத்ததைத் திரும்பக் கேட்டிருக்க மாட்டோம். பிள்ளைக்கு ஒரு பழைய கவர் கொடுங்கள். உள்ளே நன்றாகத் தெரிந்த ஏழெட்டு அட்டை, புதியது இரண்டு. புதியவை 'உ' ஆனபின் அடுத்த இரண்டு உள்ளே வரும். புது அட்டையை அன்றைக்கே சாப்பாட்டு மணிக்கு முன் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை, இரண்டு நாள் விட்டு, பிறகு ஒரு வாரம் விட்டுக் கேளுங்கள். கேட்காத நாள்களும் வேண்டும். கொஞ்சம் மறந்துபோய் முயன்று நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் அது நிற்கிறது.

வாரத்தில் ஒரு நாள் ஒரு பீரியட் முழுக்கச் செய்வதைவிடத் தினமும் ஐந்து நிமிடம் மேல். அந்த ஐந்து நிமிடத்துக்குத் தனி இடம்கூட வேண்டாம். தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஆளுக்கு ஒன்று கேட்கலாம். பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்பதற்குப் பதில் ஒரு கூட்டலுக்கு விடை சொல்லச் சொல்லலாம்.

விடை வராமல் நின்றால் நீங்களே சொல்லிக் கடந்துபோகாதீர்கள். "ஆறும் ஆறும் எத்தனை? அதுல இருந்து வா." வந்த வழியோடு சேர்ந்துதான் விடை தங்கும்.

அறிகுறி: நேரம் வைத்தால் பேனா நகரவில்லை, சில பிள்ளைகளுக்கு அழுகை

ஒரு நிமிடத்தில் முப்பது கணக்கு என்று வைக்கிற தேர்வு, ஏற்கெனவே தெரிந்த பிள்ளையை இன்னும் வேகமாக்கும். தெரியாத பிள்ளைக்கு அது ஒன்றும் கற்றுத் தராது. யோசித்து வழி தேடத் தொடங்கியிருந்த பிள்ளையும் பதற்றத்தில் பழைய விரல் எண்ணலுக்கே ஓடிவிடும். அதைவிட மோசம், பக்கத்துத் தாளைப் பார்க்கப் பழகும்.

தேர்வு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் 11, 12, 13 என்று எண்களைப் பார்த்து எழுத மட்டும் சொல்லுங்கள். எழுதுவதே பத்துப் பன்னிரண்டு எண்தான் என்றால் அந்தப் பிள்ளையால் முப்பது விடை எழுத முடியாது, கணக்கில் புலியாக இருந்தாலும். அப்படிப் பார்த்தால் "வேகம் இல்லை" என்று நாம் முத்திரை குத்தியதில் சில பிள்ளைகளுக்குக் கை மட்டும்தான் மெதுவாக இருந்திருக்கும். அவர்களிடம் வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வாயால் சரி, நோட்டில் தப்பு

13-ஐ 31 என்று எழுதுகிறதா, 6-ஐத் திருப்பி எழுதுகிறதா என்று பாருங்கள். அது எழுத்துச் சிக்கல், கூட்டலைத் தொட வேண்டாம். கழித்தல் குறியையும் கூட்டல் என்றே எடுத்துக்கொள்கிறதா என்பதையும் பாருங்கள். பக்கம் முழுக்கக் கூட்டலாகவே கொடுத்துப் பழக்கினால் குறியைப் பார்க்கும் பழக்கமே போய்விடும்.

இன்னொன்று கொஞ்சம் ஆழமானது. 7 + __ = 10 என்று கொடுத்தால் கட்டத்தில் 17 எழுதுகிறது. 8 + 5 = 10 + __ என்றால் 13 எழுதுகிறது. சமக்குறி என்றால் "விடையை இங்கே எழுது" என்று பிள்ளை புரிந்துகொண்டிருக்கிறது. எப்போதும் இடதுபக்கம் கணக்கு, வலதுபக்கம் விடை என்று எழுதியே காட்டியதால் வந்தது. வாரத்தில் சில நாள் 13 = 8 + 5 என்று திருப்பி எழுதுங்கள். 6 + 4 = 5 + 5 என்று எழுதி, சரியா தப்பா என்று வகுப்பில் கேளுங்கள். நல்ல சண்டை நடக்கும். இரண்டு பக்கமும் மூடிகளை வைத்து எண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

அறிகுறி: வகுப்பே கோரஸாகச் சொல்கிறது, தாளில் பாதிப் பேர் தேறவில்லை

முன்வரிசையில் இரண்டு பேர் சொல்கிறார்கள், மற்றவர்கள் அரை விநாடி பின்னால் சேர்ந்துகொள்கிறார்கள். சிலேட்டை எடுக்கச் சொல்லுங்கள். கேள்வி, அமைதி, எழுதியதும் மார்போடு சேர்த்து மூடிக்கொள்வது, "காட்டு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில். இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைத்து நடத்துகிற ஈராசிரியர் பள்ளியில் இது இன்னும் முக்கியம். அங்கே பெரிய வகுப்புப் பிள்ளைகளின் குரல் சின்னவர்களின் விடையை விழுங்கிவிடும்.

அறிகுறி: 8 + 7 உடனே வருகிறது, 28 + 7-க்கு விரல்

தெரிந்ததை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கப் பழகவில்லை. 8 + 7, 18 + 7, 28 + 7, 38 + 7 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி விடைகளையும் எழுதுங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை தேடுகிற மாதிரி ஒன்றாம் இடத்தைப் பார்க்கச் சொன்னால் நான்காவது வரிக்குள் பிடித்துக்கொள்வார்கள். இதைச் செய்யாமல் நெடுவரிசைக் கூட்டலுக்குப் போனால் மேலே எடுத்துப் போகிற ஒன்றில்தான் பிழை இருப்பதாக நினைத்து வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

எதைச் செய்தாலும் நகரவில்லை என்றால்

முதலில் கண்ணும் காதும். ஏழு என்றதற்கு ஆறு என்று எடுத்துக்கொள்கிறதா, கரும்பலகையில் 6-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து வீட்டு மொழி. திருப்பூர், கோவை, சென்னைப் புறநகர்ப் பள்ளிகளில் ஒடியாவும் இந்தியும் வீட்டில் பேசுகிற பிள்ளைகள் நிறைய. தமிழில் எண்ணத் திணறுகிற பிள்ளை வீட்டு மொழியில் சரளமாகக் கூட்டலாம். "உங்க வீட்டுல எப்படிச் சொல்வீங்களோ அப்படியே சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். விடையை நாம் விரலால் காட்டச் சொல்லிப் புரிந்துகொள்ளலாம். மூன்றாவது வருகைப் பதிவேடு. செங்கல் சூளைக்கோ அறுவடைக்கோ குடும்பம் போய் வந்த மாதங்களில் என்ன பாடம் நடந்தது என்று பாருங்கள், அந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும், ஏழு வயதுக்கு மேல் ஆன பிள்ளை மூன்று புள்ளியைப் பார்த்ததும் மூன்று என்று சொல்லாமல் எண்ணித்தான் சொல்கிறது, ஆறா ஒன்பதா எது பெரிது என்றால் நின்று யோசிக்கிறது என்றால், வட்டார வள மையத்தில் இருக்கிற, கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போகும்போது மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் கூட்டலுக்கு எந்த வழியில் போனது, என்ன தப்பு விடை சொன்னது என்று எழுதியதைக் கொடுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை 1 முதல் 20 வரை எழுதிய பட்டை அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்கட்டும், மற்றவர்களுக்கு எடுத்துவிட்டாலும்.